மஞ்சள் தண்ணீர் உறைந்த முற்றம்

1972 நவம்பர் 6, திங்கள். ஸ்டுட்கார்ட்.

மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. டிராமில் ஒரு கையுறை தொலைந்தது. இடது கை.

பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். (இனி பேரா. அவ்வளவுதான் எழுத முடியும், விரல் விறைக்கிறது.) விஷயம் இது. மலைமேல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் அளவீட்டு நிலையம். திறந்தவெளியில் கான்கிரீட் பாளங்கள், உறைபனியில் எப்படி விரிசல் விடுகின்றன என்று பார்க்க. சனிக்கிழமைதோறும் காரில் போய் அளவு குறித்து வருபவர் வேபர். அவர் டிசம்பரோடு ஹாம்பர்க் போகிறார். அந்த வேலையை நான் ஏற்றால் ஜனவரியிலிருந்து சம்பளத்தோடு இடம். இல்லையென்றால் உதவித்தொகை டிசம்பரில் முடிகிறது. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"குளிர்காலத்தில் அந்த மலைப்பாதை சுலபமில்லை. உங்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை" என்றார். சொல்லவில்லை என்று சொன்ன விதத்திலேயே சொல்லிவிட்டார்.

என் கையிருப்பு: ஜூனில் வாங்கிய லைசென்ஸ். கோடையில் மட்டும் ஓட்டிய அனுபவம். கார் கிடையாது.

திருச்சியிலிருந்து அண்ணன் கடிதம். பாலிடெக்னிக்கில் இடம் காலியாம், இரண்டு குளிர்காலம் போதும், வா. போதாது. இரண்டு குளிர்கால அளவுகளை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. மூன்றாவது வேண்டும். என் பாளங்கள் மேலே கிடக்க, நான் திருச்சியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்திலிருந்து உறைபனி நடத்துவதா?

"கார் வாங்குகிறேன்" என்று பேராவிடம் சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பரவாயில்லை, சரியான பக்கம்தான் முந்தியது.

நவம்பர் 13, திங்கள்

தூறல். கார் வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகும் ஒரு பள்ளி ஆசிரியை விற்றார். பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டு, பச்சை நிறம். என்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். ஹீட்டர் வலது காலை மட்டும் சுடுகிறது. மற்ற உறுப்புகள் அவரவர் பாடு.

புஷ்பம் சன்னலில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்கட தவளை வந்திட்டுதே?" அன்றிலிருந்து, அதாவது இன்று மாலையிலிருந்து, தவளை. புஷ்பம் யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேல்மாடியில் இந்த இரண்டு அறையை அவளும் நானும் பங்கிட்டிருக்கிறோம்.

வாங்க வேண்டியவை: பனிக்கால டயர் நான்கு. முன்பக்கம் வைக்க மணல் மூட்டை (முன்பாரம் போதாதாம், ஸ்டியரிங் பிடிக்காதாம்). கண்ணாடி சுரண்டி. போர்வை. மண்வெட்டி, சிறியது. கையுறை.

நவம்பர் 16, வியாழன்

குளிர், வெயில். இன்ஷூரன்ஸ் முகவர் ஹெர் ப்ரோய்னிங் வீட்டுக்கு வந்தார். புஷ்பம் கொடுத்த மிளகாய் போட்ட பருத்தித்துறை வடையை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கையிலேயே வைத்திருந்தார், பாவம்.

"நீங்கள் வெப்ப நாட்டிலிருந்து வருகிறவர். ஃபோல்காஸ்கோ எடுங்கள். நீங்களே இடித்தாலும் உங்கள் வண்டியைச் சரிசெய்து தருவோம்."

வண்டியை எவ்வளவு மலிவாக வாங்கினேன் என்று சொன்னேன். இருமினார். "அப்படியானால் வேண்டாம்" என்றார். நேர்மையான மனிதர்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தேன். என்னால் பிறருக்கு என்ன ஆகும்? அதற்கு எல்லையே இல்லை. ஒரு ஆளின் கால் போகலாம். ஆகவே சட்டப்படி எடுத்தே ஆகவேண்டிய தேர்ட் பார்ட்டியில் கஞ்சத்தனம் கூடாது, இருப்பதிலேயே பெரிய தொகைக்கு. வானமும் மானும் என்ன செய்யும்? ஆலங்கட்டி, திருட்டு, உடைந்த கண்ணாடி, மலைக்காட்டில் குறுக்கே பாயும் மான். அதற்கு டைல்காஸ்கோ, பாதிக் காப்பீடு. நானே தவளையை இடித்துக்கொண்டால்? என் பாடு.

போகும்போது ஹெர் ப்ரோய்னிங் சொன்னது: "சாவியை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். யார் ஓட்டினாலும் விபத்து உங்கள் பெயரில்தான் விழும்."

நவம்பர் 24, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நேற்று நம்பர் பலகை மாட்டியாயிற்று. பனிக்கால டயரும். இன்று விடுப்பு. புஷ்பம் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தாள். "வெள்ளிக்கிழமை அக்கா. பூசை செய்யாமல் புது வாகனம் வெளிக்கிடக் கூடாது." எனக்கும் ஆசைதான். ஊரில் அப்பா சைக்கிள் வாங்கினாலே எலுமிச்சம்பழம் வைப்போம்.

நல்ல வெயில், நீல வானம். அதில்தான் ஏமாந்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தவளையைக் கழுவினோம். சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தோம். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை வண்டியைச் சுற்றி ஊற்றினோம். கற்பூரம் காற்றில் பிடிக்கவில்லை. தீப்பெட்டியோடு போராடி முடிக்கையில் புஷ்பம் மணியைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, ராகுகாலம் தொடங்கிட்டுது. இப்ப வெளிக்கிட ஏலாது."

"எந்த ஊர் பத்தரை, புஷ்பம்? ராகுவுக்கு ஜெர்மனி நேரம் தெரியுமா?"

"எல்லா ஊரிலயும் பத்தரை பத்தரைதான். ஒண்டரை மணித்தியாலம் பொறுங்கோ."

பொறுத்தோம். மேலே போய்த் தேநீர், தேங்காய்ச் சில்லு, சீட்டு. பன்னிரண்டு அடித்ததும் இறங்கினோம். நான் ஏறி, சாமி கும்பிட்டு, கைப்பிரேக்கை விட்டேன்.

எங்கள் முற்றம் தெருவை நோக்கிச் சரிவு. வெளியே பூஜ்யத்துக்கு ஐந்து கீழே. ஊற்றிய தண்ணீர் அத்தனையும் நாங்கள் சீட்டாடிய நேரத்தில் மஞ்சள் நிறப் பாளமாகக் கிடந்தது. கிளட்சை விடுமுன்பே தவளை நகர்ந்தது. பயத்தில் பிரேக்கை முழுமூச்சாக மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சாவகாசமாக வழுக்கி, வீட்டுக்காரி ஃப்ராவ் கெய்ஸ்லரின் வேலியைப் பெயர்த்து, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரின் காரில், கதவு மத்தியில், போய்ச் சாய்ந்தது. காரில் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. பள்ளி விட்டிருந்தால்?

எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. சக்கரம் உருளாமல் வழுக்கிப் போனால் எப்படி நசுங்கும்?

உறைபனி பற்றி இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தவள் நான்.

நவம்பர் 25, சனி

ஃப்ராவ் கெய்ஸ்லர் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும். "உறைபனியில் முற்றத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை என் ஆயுளில் பார்த்ததில்லை. அதுவும் கேர்வோஹெ பலகை உங்கள் கதவில் தொங்கும்போது."

கேர்வோஹெ என்றால் பெருக்கும் வாரம். இந்த ஊர் வழக்கம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் படிக்கட்டு, முற்றம், நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பனி பெய்தால் தள்ள வேண்டும், ஐஸ் இருந்தால் சாம்பல் தூவ வேண்டும். இந்த வாரம் நாங்கள். ஐஸ் அகற்ற வேண்டியவர்களே ஐஸ் போட்டோம்.

மாலையில் கதவைத் திறந்தால் வாசலில் அடுப்புச் சாம்பல், ஒரு வாளி நிறைய. குத்திக்காட்டுகிறாரா, உதவுகிறாரா? தெரியவில்லை. முற்றம் முழுக்கத் தூவினேன். இனி அந்த வாளி தவளையின் பின்சீட்டில்தான்.

புஷ்பம் அழுதாள். "என்னாலதான் அக்கா." இல்லை. ராகு பிரேக்கை மிதிக்கவில்லை, நான் மிதித்தேன்.

நவம்பர் 27, திங்கள்

மேகமூட்டம். ஹெர் ப்ரோய்னிங் அலுவலகம். விபத்து அறிக்கை. 'சாலையின் நிலை', 'காரணம்' என்று கட்டங்கள். உள்ளதை எழுதினேன். நானே ஊற்றிய தண்ணீர், பூஜைக்காக.

படித்தார். மறுபடி படித்தார். "தேங்காயுமா?"

"தேங்காயும்."

வேலிக்கும் தபால்காரர் கதவுக்கும் தேர்ட் பார்ட்டி கொடுக்கும். என் கட்டணம் அடுத்த வருடம் ஏறும். தவளையின் நசுங்கிய முன்மூக்கு என் பாடு, முன்பே ஒப்புக்கொண்டதுதான். ஃபோல்காஸ்கோ எடுக்காததற்கு வருந்துகிறேனா? இல்லை. மூக்கு நசுங்கினால் ஓடும்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேபர் நடைவழியில், என் காதுபட: "மலையே வேண்டாம், அவருக்கு முற்றமே போதும்." சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது. பேரா. சிரிக்கவில்லை. பதினாறாம் தேதி வேபரை அருகில் உட்காரவைத்து நான் மேலே ஓட்டிப் போக வேண்டும், பிறகு முடிவு என்றார்.

டிசம்பர் 3, ஞாயிறு

முதல் பனி. கணுக்கால் ஆழம். தபால்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், கேக் கொடுத்தேன். கேக்கை வாங்கிக்கொண்டு "இனி என் காரை அந்தப் பக்கம் நிறுத்துகிறேன்" என்றார்.

பிறகு திருவிழாத் திடல். குளிர்காலத்தில் காலி, கம்பம்கூட இல்லை. புஷ்பத்தையும் கூட்டிப் போனேன். வேண்டுமென்றே வழுக்கினேன். வேகம் எடுத்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், வண்டி பம்பரமாகச் சுற்றியது.

"அக்கா, நான் இறங்கட்டே?"

"உட்காரு. இன்னொரு தடவை."

மாலைக்குள் காலுக்குப் புரிந்தவை: பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும், அழுத்தினால் போச்சு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வளைவில் அல்ல. இரண்டாம் கியரில் மெல்லக் கிளம்பினால் சக்கரம் சுழலாது. பின்பக்கம் இடப்புறம் ஓடினால் ஸ்டியரிங்கும் இடப்புறம். அறிவுக்கு இது எல்லாம் முன்பே தெரியும். கால்தான் திருச்சியிலேயே இருந்தது.

தினமும் வேலைக்குத் தவளையில்தான் போவேன். டிராம் பாஸ் வாங்கவில்லை.

டிசம்பர் 16, சனி

விடியற்காலையில் மழை, பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே. பின்சீட்டில் சாம்பல் வாளி, மண்வெட்டி, போர்வை, புஷ்பம் போட்ட இஞ்சித் தேநீர். வேபர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். வழியெல்லாம் பேச்சு. "இதைவிட வேகமாகத் தபால் வண்டியே போகும்." அதே வேகத்தில் போனேன்.

மலையடிவாரம். பாதை கறுப்பாக மினுங்கியது. ஓரம் கட்டி இறங்கி, காலை வைத்துப் பார்த்தேன். பூட்ஸ் நழுவியது. மழை விழுந்த இடத்திலேயே உறைந்திருக்கிறது. பனியின் மேல் போக எனக்குத் தெரியும். இதன் மேல் போக டயரே கிடையாது.

"உப்பு தூவும் லாரி வரட்டும், ஐஸ் கரையட்டும்" என்றேன்.

"நூறு தடவை ஏறியிருக்கிறேன். போங்கள்."

"மாட்டேன்."

"பதினோரு மணி அளவு தவறும். பேராசிரியரிடம் நான்தான் சொல்லவேண்டும்."

"சொல்லுங்கள்."

"அப்படியானால் சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன்."

ஒரு நொடி கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. மேலே போய்விடலாம், வேலையும் கிடைக்கலாம். பிறகு தபால்காரரின் கதவு நினைவுக்கு வந்தது. உள்ளே யாரும் இல்லாதது என் சாமர்த்தியம் இல்லை.

"கார் என் பெயரில். யார் மேல் இடித்தாலும் என் பெயரில். சாவி கிடையாது."

கதவை அறைந்துவிட்டு வேபர் சாப்பாட்டுக்கடைக்குப் போய்விட்டார். நான் காருக்குள், போர்வைக்குள். எங்களைத் தாண்டி இரண்டு கார்கள் மேலே போயின. இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு மேலே போனபோது பார்த்தேன், நிலையத்தின் அருகில் நின்றிருந்தன. அதுதான் ரொம்பக் கடுப்பு.

உப்பு லாரி பன்னிரண்டைத் தாண்டி வந்தது. வேபரும் வந்து ஏறிக்கொண்டார். நல்ல இடைவெளி விட்டு, இரண்டாம் கியரில், அதன் பின்னாலேயே ஏறினேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. என் பாளங்களைத் துடைத்து அளவெடுத்தேன். ஏழாம் பாளத்தில் புது விரிசல், மயிரிழை. அழகு. ஆனால் வேலை போச்சு என்றே நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

டிசம்பர் 18, திங்கள்

பேரா. அறை. வேபர் முன்பே சொல்லியிருந்தார்.

"நின்றுவிட்டீர்களாம்."

"ஆமாம்."

"மற்றவர்கள் ஏறினார்களாம்."

"இரண்டு பேர் ஏறினார்கள். என்னால் ஏற முடியும் என்று தெரியவில்லை."

"அளவு எடுத்த நேரம்?"

"ஒன்று இருபது. அப்படியே குறித்திருக்கிறேன்."

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "தாமதமான அளவைத் திருத்திக்கொள்ளலாம். வந்து சேராத ஆளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நிலையத்துச் சாவியை வேபரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்."

கழிவறைக்குள் போய் அழுதேன். அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டும். பால், உப்பு, கண்ணாடி துடைக்கத் துணி.

1973 ஜனவரி 5, வெள்ளி

வேபர் போய்விட்டார். சாவி சமையலறை ஆணியில். நாளை முதல் சனிக்கிழமை, நான் மட்டும். மலையில் புதுப்பனி என்கிறது வானொலி. அடிவாரத்து லாரி ஆளிடம் போன் செய்து கேட்டேன், காலை பத்துக்குத்தான் உப்பு போடுவார்களாம். ஃப்ராவ் கெய்ஸ்லர் கேட்காமலே சாம்பல் வாளியை நிரப்பி வைத்திருக்கிறார். உதவிதான் போலிருக்கிறது.

புஷ்பம் தேங்காயோடு வந்தாள். கழுவும் தொட்டிக்குள் உடைத்தோம், சட்னிக்கு. பிறகு காலண்டரைப் பார்த்தாள்.

"அக்கா, சனி ராகுகாலம் ஒன்பதில இருந்து பத்தரை மட்டும். எட்டுக்கே வெளிக்கிடுங்கோ."

"பத்துக்கு லாரி அடிவாரத்துக்கு வரும். அதன் பின்னால்தான் ஏறுவேன். ஒன்பதுக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்."

"சரியா ராகுகாலத்திலயே?"

"ராகுகாலத்தில்தான்."

சட்னியை அரைத்து முடித்தாள். அம்மிக் கல்லைக் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எனக்கு லீவுதான். அப்ப நானும் வாறன்."