லாங்கன்தாலில் தந்த பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே சுவிஸில், எங்கடின் மலைப்பக்கம், குளிர் தொடங்கிவிட்டது. ஹோட்டல் வேலை வழமைபோலத்தான், நான் சுகம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எனக்கு விடுமுறை. இங்கே ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் நாடு முழுவதும் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். நீங்கள் சொன்னபடி எம்மன்புரூக்கேயில் சித்தியைப் பார்த்தேன். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் லாங்கன்தாலுக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் வினோதன் அண்ணா வீட்டு மணியை அடித்தேன். இங்கே யாரும் அப்படிப் போவதில்லை. கதவைத் திறந்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை, சும்மா வந்தனான்."

"அம்மா சொல்லியோ வந்தனீ?"

நான் "ஓம்" என்றுவிட்டேன்.

அவர் கலியாணத்தோடு நீங்கள் அவரோடு கதைப்பதை நிறுத்தி ஆறு வருடம். அந்த "ஓம்" கேட்ட பிறகு அவர் என்னை எழும்ப விடவில்லை. சித்தி வீட்டில் சாப்பிட்ட வயிற்றோடு மறுபடியும் சாப்பிட்டேன். ஒருவரோடு இருந்து சாப்பிடக் கிடைத்தால் நான் வேண்டாமென்பதில்லை. வெளிக்கிடும்போது அண்ணி ஒரு பெட்டியில் இறால் கறி போட்டுத் தந்தார்.

பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்களை வளர்த்தது நீங்கள். ஆகவே நீங்கள் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ அனுப்புங்கள். அதில் பாதியைத் தனிப் பையில் கட்டி, அண்ணாவின் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அவருக்கு அந்த எழுத்துத் தெரியும்.

நான் சொன்ன பொய்யும் அதோடு உண்மையாகிவிடும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் நிலோஜினி