நீலப் பெட்டியில் கிடந்த எல்போ

யூமா, அரிசோனா
பிப்ரவரி 9

கிளிஃபோர்டுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன் அத்தான் ரோலண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, ஓட்ஸ் கஞ்சி இறங்குகிறது.

நாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியின் அடியில், வேலிக்கம்பத்துக்கான பிளாஸ்டிக் குழலை அறுத்து அவரே மாட்டியிருக்கிறாரே, கழிவுக் குழாயும் அதன் நுனியில் மாட்டுகிற வளைவுத் துண்டான எல்போவும் அதற்குள்தான் போகவேண்டும். குடிநீர்க் குழாய் நீலப் பெட்டியில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவைக்கிற ஆட்களின் வண்டியில் அவர் காபிகூடத் தொடமாட்டார். இதற்காக நீ அவரை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாய்!

எங்களோடு தங்கியிருந்துவிட்டு நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, கழிவுத் தொட்டியை நானே காலி செய்கிறேன் என்று நின்றாய். என்ன பாசம் பொத்துக்கொண்டு வந்ததோ! குழாயைக் குழலுக்குள் தள்ளி மூடியைத் திருகிவிட்டாய். எல்போ வெளியிலேயே கிடந்திருக்கிறது. மறுபடி மூடியைத் திறக்கச் சோம்பல். சொட்டச் சொட்ட அதை நீலப் பெட்டிக்குள் எறிந்துவிட்டாய். நாங்கள் அடுத்த முகாமுக்குப் போனதும் அவர் மேலே இருந்த குடிநீர்க் குழாயை எடுத்து மாட்டினார். அடியில் கிடந்ததைப் பார்க்கவில்லை. முதல் டம்ளரைக் குடித்ததும் அவர்தான்.

பெட்டியைக் கழுவும்போதுதான் எல்போ என் கையில் அகப்பட்டது. உனக்குப் போன் செய்து கேட்டேன். "நான் தொடவே இல்லக்கா. அத்தானுக்கு வயசாயிருச்சு, மறந்து போட்டிருப்பாரு" என்றாய். அடப் பாவி! ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் இவருக்குள் எப்போதும் உண்டு. அன்றே வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். "இனிமே நான் ஓட்டக் கூடாது வில்மா" என்றார். கேரவனை விற்கப் பலகை எழுதி வைத்துவிட்டார். இப்போது ஒரு குழாயைத் திறப்பதற்குக்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

பழைய முகாமில் நமக்குப் பக்கத்து வண்டி யோலாண்டா நேற்று வந்தாள். "உங்க தம்பிதான் அதைப் பெட்டியில வீசிட்டுக் கையைத் தொடச்சாரு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அவரிடம் சொன்னேன். நான் ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறேன் என்கிறார். "கிளிஃப் பொய் சொல்ல மாட்டான்" என்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீ என்னிடம் கேட்கப்போகும் மன்னிப்பை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம். புறப்பட்டு வா. அவர் எதிரில் உட்கார்ந்து, "நான்தான் அத்தான் போட்டேன்" என்று உன் வாயால் சொல். அதற்குப் பிறகு உன் முகத்தில் நான் விழிக்கிறேனா இல்லையா என்பது வேறு விஷயம்.

பலகையை இன்னும் வெளியே நடவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் வாடா.

உன் அக்கா,
வில்மா