அப்பா வண்டிக்கு உன் கையெழுத்து

ஓசூர்,
மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்.

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா ராசாத்தி ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் சத்யப்ரியாவும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நானும் இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறேன், முழங்கால் மட்டும் இந்தப் பனிக்குச் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. போனில் பேசினால் போதாதா, இதற்கெல்லாம் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் நீ "அப்புறம், வேற என்னம்மா" என்று கேட்டுவிடுகிறாய். அதைக் கேட்டதும் சொல்ல வைத்திருந்தது எல்லாம் எனக்கு மறந்துபோகிறது, வேற ஒண்ணும் இல்லப்பா என்று வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, அப்போது பேச ஆள் இல்லை.

பொங்கல் நல்லபடியாகப் போனது. அப்பா தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை என்பதால் நான் பானை வைக்கவில்லை, அடுத்த வீட்டு மாடசாமி பெண்சாதி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தாள், அதில் இரண்டு வாய் சாப்பிட்டேன். இந்த ஊரில் பொங்கல் என்றால் உனக்குத்தான் தெரியுமே, தெருவே காலி. மாடியில் குடியிருக்கிற கம்பெனிப் பையன்கள் போகி அன்றைக்கே மதுரைப் பக்கம் பஸ் ஏறிவிட்டார்கள், எதிர் வீட்டுக்காரர்கள் சேலத்துக்கு, பால்காரர்கூட தம்பியை அனுப்பிவிட்டு ஆனேக்கல் போய்விட்டார். எல்லோருக்கும் போவதற்கு வேறு ஒரு ஊர் இருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் மூட்டை முடிச்சோடு திருநெல்வேலி பஸ்ஸுக்கு அலைந்தவர்கள்தான். இப்போது அங்கே போனால் நான் விருந்தாளி, இங்கே இருந்தால் வாட்ச்மேன். ஷிப்ட் சங்கு ஊதாததால் மணி என்ன என்றே தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டேன், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு சத்யப்ரியா என்னைத் திட்ட வேண்டாம், மறுநாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் நீ போன் பண்ணினபோது உன் பழைய காரை ஏதோ தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டேன், அவர்களே வந்து கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், வருஷம் முடிவதற்குள் ரசீது வாங்கிவிட்டதால் வரியில் அவ்வளவும் கழியும் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நாங்கள் உன் ஊருக்கு வந்திருந்தபோது ஏறின வண்டிதானே அது. ஒவ்வொரு தடவையும் உங்கள் அப்பா நம்மூர் நினைப்பில் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நிற்பார், நீ சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போகச் சொல்வாய். அதைக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதும் எனக்கு என்னவோ செய்தது, ஆனால் உன் வண்டி, உன் இஷ்டம், நல்ல காரியம்தான் என்று சொன்னேன். அடுத்த மூச்சில் நீ, அப்பா வண்டியும் சும்மாதானே நிற்கிறது, அதையும் இதே மாதிரி கொடுத்துவிடும்மா, வீட்டு வாடகைக்கும் பென்ஷனுக்கும் நீ கட்டுகிற வரியில் குறையும் என்றாய். மாசியில் அப்பாவின் வருஷத் திதி வருகிறது, அதற்கு வருகிறாயா என்று கேட்கத்தான் நான் அன்றைக்குக் காலையிலிருந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வண்டியைப் பற்றி ஆரம்பித்ததும் அதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

சும்மா நிற்கிறது என்று சொன்னாயே, அது சும்மா நிற்கவில்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடசாமி வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறான். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கு நிற்கிற வண்டியைக் கண்டால் பொறுக்காது. "இப்படியே உட்டா பேட்டரி செத்துரும் சித்தி, டயரு தரையோட ஒட்டிக்கும்" என்பான். அவன் என்ஜினை ஓடவிட்டு வெளியே நின்று பீடி குடிக்கிற நேரத்தில் நான் போய் என் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். வண்டி எங்கேயும் போகாது, ஷெட்டுக்குள்ளேயே உறுமிக்கொண்டு நிற்கும். எனக்கு அது போதுமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொன்னால் அம்மாவுக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் காட்டலாம் என்பாய். ஒன்றும் இல்லை, கால் வலிக்கு உட்காருகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆனாலும் உன் சொல்லை நான் தட்டியதில்லை. புது வருஷம் பிறந்ததும் ஆட்டோ பிடித்து பாகலூர் ரோட்டில் அப்பா வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஆடிட்டரிடம் போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நம் நாட்டில் பொருளாகக் கொடுத்தால் வரியில் ஒன்றும் கழியாதாம், பணமாகக் கொடுத்தால்தான் கழிவாம், அதுவும் நமக்கு வருஷம் முடிவது டிசம்பரில் இல்லை, மார்ச்சில் என்றார். உன் ஊர்ச் சட்டத்தை இந்த ஊர் வண்டிக்குப் போட்டுப் பார்த்தாய் போலிருக்கிறது, படித்த பிள்ளைக்கும் அடி சறுக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் நிம்மதிதான். ஒரு கையால் தர்மம் பண்ணிவிட்டு மறு கையை ரசீதுக்கு நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை. உனக்கு வருஷக் கடைசி டிசம்பர், ஆடிட்டருக்கு மார்ச். எனக்கு இனிமேல் மாசி மாதம்தான் வருஷக் கடைசி, உங்கள் அப்பா போன மாதம். கொடுப்பது என்றால் அந்தத் திதிக்கு அவர் பேரில் கொடுத்துவிடுவோம் என்று அந்த ஆபீஸ் படியில் இறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தால் அது பெரிய கூத்து. ஓசூரில் பழைய வண்டியை விற்பார்கள், எக்ஸ்சேஞ்ச் பண்ணுவார்கள், தங்கச்சி மாப்பிள்ளை தலையில் கட்டுவார்கள், தர்மத்துக்குக் கொடுப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. உத்தனப்பள்ளியில் சாந்தம்மா என்று ஒருத்தி கால் விளங்காத பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள், உங்கள் அப்பா சம்பள நாளில் அரிசி வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாரே, அந்த இல்லம்தான். அவளிடம் போய்ச் சொன்னால், "வண்டி குடுக்கறீங்க சரிக்கா, அதுக்கு பெட்ரோலு யாரு போடறது, ஓட்டறது யாரு, எனக்கு அரிசியே போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நானும் வந்தவழியே திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கே வேலை செய்கிற பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பிள்ளைக்குப் பத்து வயசு இருக்கும், கால் இரண்டும் அவள் முட்டிவரை தொங்குகிறது. கண்டக்டர் இறங்கு இறங்கு என்று கத்தினதில் செருப்பு பஸ்ஸிலேயே போய்விட்டது என்று அவள் சொல்ல, நடக்காத பிள்ளைக்குச் செருப்பு எதுக்குக்கா என்று அந்தப் பிள்ளையே சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மாடசாமியிடம் சொன்னேன். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்குத் தன் வார லீவை மாற்றிக்கொண்டு தானே ஓட்டுகிறேன் என்றான். பெட்ரோல் செலவுக்கு அப்பாவோடு கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்த ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். இப்போது சாந்தம்மா தினமும் போன் பண்ணி, பிள்ளைங்க யாரு முன்னாடி உக்காரறதுன்னு சண்டை போடறாங்கக்கா, எப்ப வரும் வண்டி என்று கேட்கிறாள்.

கேட்டால் வந்துவிடுமா. வண்டி அப்பா பேரில் இருக்கிறது, அப்பா பொம்மசந்திராவில் வேலை பார்த்தபோது அங்கே விலாசம் கொடுத்து வாங்கியதால் நம்பர் கர்நாடகா நம்பர். அந்தப் பக்கத்துக் காகிதம் எல்லாம் நாராயணப்பன் என்கிற புரோக்கர் முடித்துவிட்டார். தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் போய் கன்னடத்தில் முடிக்கிற மனுஷன், ஆனால் சொன்ன வேலையைச் செய்கிறார். வாரிசு என்று நானும் நீயும் இரண்டு பேர், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்கு இரண்டு வழி சொன்னார். நீ நேரில் வந்தால் அரை நாள் வேலை. வர முடியாவிட்டால் அங்கே உள்ள நம் நாட்டு ஆபீசில் முத்திரை போட்டு, எனக்குச் சம்மதம் என்று ஒரு தாள் அனுப்பினால் போதும்.

ஒளிக்காமல் சொல்கிறேன் மோகன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த இரண்டாவது வழியை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நேரில் வந்தே ஆகணுமாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் நீ வந்துதானே ஆகணும். அப்படியே எழுதவும் ஆரம்பித்தேன். பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லி வரவழைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனா என்று என் மேலேயே கோபம் வந்து கிழித்துப் போட்டேன். அதனால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். நம் பக்கத்தில் செத்தவர் பேரில் ஒரு பொருளைக் கொடுத்தால் பிள்ளை தன் கையால் எடுத்துக் கொடுக்கணும் என்பார்கள், பெண்சாதி கொடுத்தால் அது வெறும் தர்மம், பிள்ளை கொடுத்தால்தான் அவருக்குப் போய்ச் சேருமாம். உனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குமே முழுசாக இருக்கிறதா என்று தெரியவில்லை. காரியத்துக்கு வந்துவிட்டு பதினாறு முடிந்த மறுநாளே நீ கிளம்பினாய், வேலை அப்படி, நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தார்கள், நீயும் நானும் தனியாக உட்கார்ந்து அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டில் அவரைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்னோடு உட்கார்ந்து அவரைப் பேச இன்னொரு ஆள் வேண்டும். அதற்குத்தான் நீ வேண்டும், வண்டிக்கு இல்லை.

சத்யப்ரியாவைக் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளச் சொல்லு. பாப்பாவுக்கு தமிழ் எழுத்துப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்ப ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன். வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், உங்கள் அப்பாவுக்கும் உன் வயசில்தான் பிரஷர் ஆரம்பித்தது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக, நிறைந்த ஆயுசோடு இருக்க சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வர முடியாமல் தாளை அனுப்புவதாக இருந்தால் தாளை மட்டும் அனுப்பு, ஏன் வரவில்லை என்று அதோடு ஒரு கடிதம் எழுதி வைக்காதே. உன் கையெழுத்தை மட்டும் பார்த்தால் தாங்கிக்கொள்வேன், காரணத்தைப் படித்தால் தாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. ராசாத்தி