மூன்றாவது ஏணியில் இருப்பவன்

துராங்கோ, மெக்சிகோ
12 மே 1968

என் கிழவி ஒதிலியாவுக்கு,

நீயும் குழந்தை அம்பாரோவும் சுகமா? நான் சுகம். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நீ பெட்டியில் விட்டுப்போன வயிற்றுக் கச்சையை இப்போது நான்தான் போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்த சிப்பாய்ச் சட்டை யாரோ பட்டினிக்காரனுக்குத் தைத்தது போல. பித்தான் சேரவில்லை. "தொப்பை வெச்ச சிப்பாய்க்கு வேலை இல்ல, போ" என்று விரட்டினான் மேஸ்திரி. வீட்டுக்கு ஓடி வந்து உன் கச்சையை இழுத்துக் கட்டினேன். இப்போது எனக்கு இடுப்பு இருக்கிறது, மூச்சுதான் இல்லை. சாகிற வேலைக்கு மூச்சு எதற்கு?

வடக்கே அமெரிக்காவிலிருந்து படக்காரர்கள் வந்திருக்கிறார்கள். உங்கள் சான் அந்தோனியோவில் நடந்த கோட்டைச் சண்டையை எங்கள் ஊர்ப் புழுதியில் எடுக்கிறார்கள். கோட்டைக்குள் டெக்சாஸ்காரர்கள். வெளியே ஏணியும் கையுமாக மெக்சிகோப் பட்டாளம், அதாவது நாங்கள். ஆள் பற்றவில்லை. அதனால் காலையில் செத்தவன் புழுதியைத் தட்டிவிட்டுப் பின்பக்கமாக ஓடி வந்து மறுபடியும் சாக வேண்டும். அந்தக் கோட்டையைப் பிடித்தது நாம்தான் என்று, நான் பள்ளிக்கூடம் போன இரண்டு வருஷத்துக்குள்ளேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இங்கே பார்த்தால் அப்படித் தெரியாது. பக்கத்து ஏணி சக்காரியாஸ் கேட்டான்: "ஏன்டா நிகானோர், ஜெயிச்சவனுக்கே இந்த அடின்னா, தோத்தவனுக்கு என்னடா குடுப்பானுங்க?"

"சிலை" என்றேன்.

இதைக் கேள். ஒப்பனைக்காரி என் பூனைக்கண்ணையும் வெளுத்த தோலையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நான் மெக்சிகோக்காரன் மாதிரி இல்லையாம்! முகம் முழுக்கப் பழுப்புச் சாயம் அப்பிவிட்டாள்.

அம்பாரோவிடம் சொல்: மூன்றாவது ஏணி, தலையில் வெள்ளைக் கட்டு. அந்தக் கட்டை நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன், அவள் கண்டுபிடிக்க. ஐந்து வயதில் நீ அங்கே கூட்டிப்போனாய். இப்போது ஒன்பது முடியப் போகிறது. என் கடிதம் எதற்கும் அவள் பதில் எழுதவில்லை. படத்தில் என்னைப் பார்த்தால் ஆசை வரும். அடுத்த கோடை விடுமுறைக்கு அவளை என்னிடம் அனுப்பு. "இந்தப் படம் முடியட்டும், வந்துவிடுகிறேன்" என்று நான் நாலு வருஷமாகச் சொல்வது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, அதைக் குத்திக்காட்டித் தாளை வீணாக்காதே.

கல்யாணத்துக்கு முன் எத்தனை சண்டைப் படம் பார்த்திருப்போம்! நீ குதிரைகளுக்காக மட்டும்தான் அழுவாய். இதில் நிறையக் குதிரை விழுகிறது. கைக்குட்டை எடுத்துப் போ.

உன்னுடையவன்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும்,
நிகானோர்

•

சான் அந்தோனியோ
9 பிப்ரவரி 1969

நிகானோருக்கு,

கச்சையை நீயே வைத்துக்கொள்.

படம் வந்தது. அம்பாரோவை வகுப்போடு டீச்சர் ஒரு தடவை கூட்டிப்போயிருந்தாள். இப்போது அவளுக்கு உலகத்திலேயே பிடித்த படம் அதுதான். சலவைக்கூடத்தில் லீவு கேட்டு நானும் கூட்டிப்போனேன். உன்னைப் பற்றி முன்னாலேயே சொல்லவில்லை. அங்கே வைத்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

ஏணிகள் வந்தன. "அதோ பாருடி, மூணாவது ஏணி, தலையில கட்டு. அது உங்கப்பா!" என்றேன்.

"எதும்மா? எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க."

அதற்குள் மேலே இருந்த தாடிக்காரன் உன் ஏணியை எட்டி உதைத்துவிட்டான். கொட்டகையே கைதட்டியது. உன் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், "அப்பா ஏம்மா கெட்டவங்க பக்கம் சேந்தாரு?"

"அது நடிப்புடி."

"அப்ப நல்லவங்க பக்கம் நடிக்கலாம்ல?"

நீ இருந்திருந்தால் ஏதாவது கேலி சொல்லிச் சமாளித்திருப்பாய். கோடைக்கு அங்கே வரமாட்டாளாம். பள்ளிக்கூடத்தில் அவளை இப்போது ஏமி என்று கூப்பிடுகிறார்கள்.

குதிரைகள் பாவம்.

ஒதிலியா

•

துராங்கோ
2 மே 1969

என் கல்நெஞ்சுக் கிழவிக்கு,

உன் கடிதத்தைச் சக்காரியாஸுக்கும் படித்துக் காட்டினேன். "உன் பொண்ணே கைதட்டுனாளா? அப்ப நல்லாத்தான்டா விழுந்திருக்க" என்றான். அப்படியே எடுத்துக்கொண்டேன்.

குழந்தை கேட்டது நியாயம். நல்லவர்கள் பக்கம் நடித்துவிட்டேன்! நம்ம ஊர்க் கம்பெனி ஒன்று வந்தது. நம் தலைநகரை அமெரிக்கப் பட்டாளம் பிடித்த அந்தப் பழைய சண்டை. நம் தேசத்து வீரனாக ஒரு தடவையாவது நிற்கலாம் என்று விடியும் முன்பே வரிசையில் போய் நின்றேன். இந்த ஒப்பனைக்காரனும் உதட்டைப் பிதுக்கினான். "இந்த மூஞ்சி நம்ம மூஞ்சி இல்லையேப்பா" என்று மாவு மாதிரி எதையோ பூசி, தலையில் வைக்கோல் நிறத்தில் ஒரு டோப்பாவை வைத்து, நீலக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டான். நான் அமெரிக்கன்!

ஒதிலியா, அந்தச் சண்டையில் ஜெயித்தது அவர்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் படத்தில் அவர்களைப் பார்க்க வேண்டுமே! ஒருவன்கூட நிதானத்தில் இல்லை. ஓடுகிறோம், துப்புகிறோம், செத்துக் கிடக்கும் பையனின் பூட்ஸைக் கழற்றுகிறோம். பூட்ஸ் கழற்றுகிறவன் நான்தான். இரண்டு படத்திலும் ஜெயித்த பக்கம் நான். இரண்டிலும் அசிங்கப்பட்டதும் நான்.

ஆனால் நீலக் கோட்டு நீலக் கோட்டுதானே? "உங்கப்பா இந்தத் தடவை உங்க பக்கம்" என்று ஏமியிடம் சொல். பார், ஏமி என்றே எழுதிவிட்டேன். உங்கள் ஊரில் நம் மொழிப் படம் போடும் கொட்டகைக்கு அது வரும்.

அவளை இனி அனுப்பச் சொல்லமாட்டேன். நானே வருகிறேன். நிஜமாக. எல்லை தாண்ட அனுமதிக்கு எழுதிப்போட்டேன்; மூன்று தடவை விரட்டினார்கள், கடைசியில் சரி என்றுவிட்டார்கள். வரும் மார்ச்சில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பேன். முகத்தில் எந்தச் சாயமும் இருக்காது.

உன் அமெரிக்கன்,
நிகானோர்

•

சான் அந்தோனியோ
18 ஜனவரி 1970

நிகானோர்,

வராதே.

கோபத்தில் எழுதவில்லை. உட்கார்ந்து படி.

அந்தப் படத்தையும் பார்த்தோம். நீ பூட்ஸைக் கழற்றும்போது கொட்டகையே ஊளையிட்டது, யாரோ திரையில் சோளப்பொரியை வீசினார்கள். இந்தத் தடவை உன்னை அவளே கண்டுபிடித்துவிட்டாள். என் கையை உதறிவிட்டு, "எங்க ஆளுங்க இப்படிப் பண்ணமாட்டாங்க" என்றாள். எங்க ஆளுங்க.

மறுவாரம் அவளுடைய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கேக். கூடவே வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அப்பா வியட்நாமில் செத்துப்போனார் என்று இவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டு, கடைசி ஆளாக ஏறப்போனபோது குண்டு பட்டதாம். சொல்லும்போது யாருக்கும் கண்ணீர் நிற்கவில்லையாம். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்பாரோ கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேக்கை வாங்கிக்கொண்டேன், நிகானோர்.

இப்போது நீ அந்த வாசலில் வந்து நின்றால் அவள் பொய்க்காரி ஆவாள். பதினோரு வயதுப் பிள்ளை, அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருக்கிற மரியாதை அது ஒன்றுதான். அவளுக்கு நான் போதாதா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கடிதமும் போடாதே. தபால்காரர் அவள் சிநேகிதியின் அப்பா. மெக்சிகோத் தபால்தலையைப் பார்த்தாலே கேட்கிறார்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

ஒதிலியா

•

துராங்கோ
1 பிப்ரவரி 1970

ஒதிலியா,

இது கடைசி. பயப்படாதே, சக்காரியாஸின் மச்சான் லாரியில் எல்லையைத் தாண்டிப்போய் அங்கே போடுவான். உங்கள் ஊர்த் தபால்தலைதான் இருக்கும்.

சரி. செத்துவிட்டேன். எனக்குப் பழகிய வேலை.

ஹெலிகாப்டர் சாவு ரொம்ப நல்ல சாவு. இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பெனியும் எனக்கு அப்படி ஒன்று கொடுத்ததில்லை. கடைசி ஆளாக ஏறுவதாம்! என்னைத் தெரிந்த யாராவது நம்புவார்களா? கிடைத்த முதல் வண்டியில் தொற்றிக்கொள்கிறவன் நான். அவளுக்கு மூளை என் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது, நீ ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லமாட்டாய். அவள் பெரியவளாகிக் கேட்டால் சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு. கேட்கமாட்டாள்.

அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன்யா, போகலையா?" என்றான் அலுவலகத்து ஆள். "அங்க எனக்கு வேலை முடிஞ்சிருச்சு" என்றேன்.

கேக் என்ன கேக் என்று நீ எழுதவில்லை.

இங்கே புதிதாக ஒரு படம் எடுக்கிறார்கள். எந்தச் சண்டை, எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. நேற்று நான் பிணம். வரிசையாக நிற்கிறவர்களைத் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சாகச் சொல்லியிருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் மல்லாந்து கிடந்தேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது உன் கச்சையின் கொக்கி டப்பென்று தெறித்தது. பதினைந்து பேர் உடனே செத்துவிட்டார்கள். அவர்களை எழுப்பி நிறுத்தி மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

நிகானோர்