சொந்தக்காரர் இல்லாத தீவு

மார்ச் 9, ஞாயிறு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: லண்டன் மாநகரின் தென்புறத்தே மிச்சம் என்னும் ஊரில் வசிக்கும் பாலேந்திரா குடும்பத்தாரின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், இன்று காலை இன்னுமொரு பிலிப்பைன்ஸ் காந்தம் ஒட்டப்பட்டது. வெள்ளை மணல், ஒரு தென்னை, ஒரு வள்ளம். இதனால் கோயில் கலண்டரில் இந்த மாதச் சதுர்த்தி முற்றாக மறைந்துபோனது. அன்னாரின் மறைவால் அப்பா துயருற்றிருக்கிறார்.

ஒட்டியவர் மரிவிக் ஆன்ரி. பக்கத்து வீடு. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நேர்ஸ். அவரின் மகன் ஜெரிகோ என் வகுப்பு. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அவன் களவாக எடுத்துப் பார்த்தாலும் ஜிலேபி பிழிந்த மாதிரித்தான் தெரியும்.

ஆன்ரிக்கு ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய், இருக்கிறது. யாரைக் கண்டாலும், "நீங்கள் இன்னும் எங்கட நாட்டுக்குப் போகேல்லையோ?" என்று கேட்கும் வருத்தம். ட்ராமில் டிக்கெட் பார்க்க வந்தவருக்கு டிக்கெட்டோடு கடற்கரைப் படங்களையும் காட்டினார். அந்தாள் தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் குறொய்டனில் போய் இறங்கினாராம்.

(ஆன்ரி கதைப்பது இங்கிலீஷ். நான் எழுதும்போது யாழ்ப்பாணத்தில் பிறந்துவிடுகிறார். மன்னிக்கவும்.)

மார்ச் 12

இடைவேளையில் ஜெரிகோவுடன் நாட்டுப் போட்டி.

அவன்: "எங்களிட்ட ஏழாயிரத்துக்கு மேல தீவு இருக்கு."

நான்: "இவ்வளவு துண்டா உடைஞ்ச சாமானை எங்கட அம்மா எண்டால் கடையில திருப்பிக் குடுத்திருப்பா."

"சரி, உன்ர ஊரில என்ன இருக்கு?"

விட்டேன் பார் ஒரு அளப்பு. காரைநகர். கசூரினா கடற்கரை. கடலுக்குள்ளே எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். நண்டுகள் எங்கள் குடும்பத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடும். எனக்குத் தெரியாத ஒழுங்கை ஒன்றுகூட அங்கே இல்லை.

"கடைசியா எப்ப போனனி?"

நல்லவேளை, மணி அடித்தது.

மார்ச் 22, சனி

ஆன்ரி ஒரு சட்டி சினிகாங் கொண்டுவந்தார். புளி போட்ட சாறு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இது எங்கட ரசம்தானே. இறால் தவறி விழுந்திருக்கு."

பிறகு ஆன்ரி தம்பியின் கதையைச் சொன்னார். ரொமெல். பத்து வருசத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் வேலை. பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் போனில்தான் பார்த்தவராம். கடைசியில் ஊருக்குத் திரும்பி, தீவில் ஐந்து அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்கு விட்டார். 2021 மார்கழிப் புயல் கூரையைக் கழற்றிக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. திரும்பக் கட்டினார். நாட்டுக்கு இப்போது ஆட்கள் நிறைய வருகிறார்களாம். "எங்கட தீவுக்குத்தான் இன்னும் அவைக்கு வழி தெரியேல்ல," என்றார் ஆன்ரி. ஓகஸ்டும் அறைகள் வெறுமையாகக் கிடந்தால், செப்டெம்பரில் ரொமெல் திரும்பக் கப்பல் ஏறவேண்டும். கொம்பனி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சட்டியை எடுக்க மறந்து போய்விட்டார்.

மார்ச் 23

அம்மா தொடங்கிவிட்டார். "இந்த முறை ஓகஸ்டுக்கு நாங்கள் அங்க போவம்."

அப்பா: "அங்க ஆர் இருக்கினம்?"

"கடல் இருக்கு."

"கடலை ஆரப்பா காசு குடுத்துப் பாக்கிறது? ஒரு சொந்தம் இல்லை, ஒரு தெரிஞ்ச முகம் இல்லை. அலை பாக்கப் போய் அலைச்சல்படவோ?"

இதுதான் எங்கள் ஆட்களின் சட்டம். சொந்தக்காரர் இல்லாத இடத்துக்கு விமானமே போகாது. மற்ற நாட்டுக்காரருக்குச் சுற்றுலா. எங்களுக்குச் சுற்றம் உலா. பாரிஸுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தில் நான் பார்த்தது, சித்தப்பா வீட்டுக் குளியலறை யன்னலால் தெரியும் நுனி மட்டும்தான். மிச்ச நேரம் முழுக்கப் புட்டு.

யோசிக்கிறேன். அப்பாவுக்கு வேண்டியது ஒரேயொரு சொந்தக்காரர்.

மார்ச் 29, சனி

படைத்துவிட்டேன்.

பெயர் பஸ்தியாம்பிள்ளை. அங்கே எல்லாரும் கத்தோலிக்கர், பொருத்தமாக இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஒருவர் சொன்னார் என்று சோற்றுக்கு நடுவே அவிழ்த்துவிட்டேன்: அந்தத் தீவிலே எங்கள் பக்கத்து மனுசன் ஒருவர் இருக்கிறாராம், முந்திக் கப்பலில் போனவராம், எங்களுக்கு ஏதோ முறையில் மாமாவாம். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். எந்த இடம், ஆரின்ர பகுதி, தகப்பன் என்ன செய்தவர்? கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னேன். கண்ணிமைக்கவில்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார். ரொரன்ரோவுக்கு.

மார்ச் 30

ரொரன்ரோப் பெரியம்மாவுக்கு அவரைத் தெரியுமாம். ஒரு கால் கொஞ்சம் நொண்டுமாம்.

ஏப்ரல் 6

பாரிஸ் சித்தப்பாவுக்கும் தெரியுமாம். பள்ளிக்கூடக் காலத்தில் சித்தப்பாவின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனவர் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். சித்தப்பாவுக்கு இன்னும் கோபம்.

இல்லாத மனுசனுக்குக் கால் நொண்டுகிறது. இல்லாத மனுசன் சைக்கிளும் களவெடுத்திருக்கிறார். பிரம்மாவுக்கு இந்த வேலைக்கு நாலு தலை தேவைப்பட்டது. எனக்கு ஒன்றே போதும்.

ஏப்ரல் 20

டிக்கெட் போட்டாயிற்று. ஓகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு கிழமை. ஆன்ரியும் ஜெரிகோவும் எங்களோடு வருகிறார்கள். ஆன்ரி ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பா பஸ் தரிப்புக் கம்பம் மாதிரி நின்றார்.

ஜெரிகோவுக்கு உண்மையைச் சொன்னேன். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அவன் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அங்க போன பிறகு மாமாவை எங்கயிருந்து எடுப்பாய்?"

சின்ன விசயம். பிறகு பார்ப்போம். இந்த மிச்சத்திலேயே என்னை விஞ்சின ஆள் இல்லை.

ஜூன் 14, சனி

ஆன்ரி ஊருக்குப் பெட்டி கட்டுகிறார். எங்கள் மேசை உயரத்துக்கு ஒரு காட்போட் பெட்டி. சொக்லேட், சவர்க்காரம், ரின்னில் அடைத்த இறைச்சி, குளிர்காலச் சப்பாத்து.

"அங்க குளிர் இல்லையே ஆன்ரி?"

"குடுத்தால் வேண்டாம் எண்டு சொல்லமாட்டினம்."

அம்மா பார்த்துவிட்டு, "எங்கட ஆக்கள்தான்," என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

புயல். வெள்ளி இரவில இருந்து ஆன்ரியின்ர தம்பிக்குப் போன் போகேல்ல. டிவியில அந்தத் தீவைக் காட்டவும் இல்லை. ஒரு தரமும் காட்டமாட்டாங்கள், ஆரோ செத்தால்தான் காட்டுவாங்கள். ஜெரிகோ இண்டைக்கு ஒரு பகிடியும் விடேல்ல. நானும் விடேல்ல. அவன்ர வீட்டுப் படியில அவனோட சும்மா இருந்தன்.

ஜூலை 21

லைன் கிடைச்சிட்டுது. எல்லாரும் உயிரோட இருக்கினம். அறைக் கூரை தப்பியிருக்கு. குசினி போயிட்டுது, வள்ளம் கட்டுற பாலமும் போயிட்டுது. ஓகஸ்டுக்கு வர இருந்த மற்ற ரெண்டு குடும்பமும் வரேல்லை எண்டுட்டினம்.

பின்னேரம் ஆன்ரி வந்தா. உள்ளுக்க வரேல்ல, கதவடியில நிண்டா. "நீங்களும் வரத் தேவையில்லை. நான் கோவிக்கமாட்டன்." கடல் வடிவு, மணல் வடிவு ஒண்டும் சொல்லேல்ல. அவ அப்பிடிக் கதைச்சு நான் கண்டதே இல்லை.

அப்பா வேலை உடுப்போட, ஹீத்றோவில சாமான் ஏத்தி இறக்கிப்போட்டு அப்பதான் வந்து நிண்டவர். பையைக் கீழ வைச்சார். பிறகு சொன்னார்:

"இலங்கையில ஈஸ்டர் குண்டு வெடிச்ச வருசம் என்ர அக்கா நல்லூரில ரெண்டு அறையை வெளிநாட்டாக்களுக்கு விட்டிருந்தவ. ஒருத்தரும் வரேல்ல. எண்டாலும் ஆரும் படுக்காத கட்டிலுக்குக் கிழமைக்குக் கிழமை விரிப்பு மாத்தினவ. ஆராவது வந்தால் எண்டு."

அப்பா குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினார்.

"நாங்கள் போறம். லீவு எடுத்தாச்சு. இனி மாத்த ஏலாது."

லீவு மாத்தலாம். எனக்குத் தெரியும். போன வருசம் மாத்தினவர்.

நான் உருவாக்கின மாமாவை இண்டைக்கு ஒருத்தரும் நினைக்கவே இல்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

தீவுக்கு வந்து சேர்ந்தோம். பாலம் இல்லாததால் வள்ளத்திலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்தோம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா நடந்ததைப் படம் எடுத்திருக்கிறேன். தேவைப்படும்போது பாவிப்பேன்.

ஆன்ரி பழைய ஆன்ரியாகிவிட்டார். விழுந்து கிடந்த தென்னையைக் காட்டி, "இளநி பிடுங்க இப்ப ஏறத் தேவையில்லை," என்றார். இரவில் கரண்ட் இல்லை. "நட்சத்திரம் வடிவாத் தெரியட்டும் எண்டுதான் லைட் போடேல்ல. லண்டனில இப்பிடிக் காட்டச் சொல்லு பாப்பம்."

ரொமெல் அங்கிள் குசினிக்குக் கூரை போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா வந்து அரை மணித்தியாலத்தில் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் பிடிக்கப் போய்விட்டார். எங்கள் அறையைத் தவிர நாலு அறைக் கட்டில்களிலும் புது விரிப்பு. ஒருவரும் இல்லை.

மாமாவைப் பற்றி அப்பா இன்னும் கேட்கவில்லை. மணிலாவில் ஆசுப்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்வதாக முடிவு.

ஓகஸ்ட் 7

மத்தியானம் ஒரு வள்ளம் வந்தது. முன்னுக்குக் குடை பிடித்தபடி ரொரன்ரோப் பெரியம்மா. பின்னுக்குப் பெரியப்பா, அவரின் இரண்டு பிள்ளைகள், பாரிஸ் சித்தப்பா, சித்தி, இன்னும் யார் யாரோ.

என் காலுக்குக் கீழே இருந்த மணல் எங்கேயோ போனது.

பெரியம்மா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "டேய் லதீசன், எங்கயடா பஸ்தியாம்பிள்ளை? கால் இப்ப எப்பிடியாம்?"

"அவர்... மணிலாவுக்குப் போயிட்டார் பெரியம்மா. ஆசுப்பத்திரிக்கு."

சித்தப்பா: "என்ர சைக்கிளிலயோ?"

முழுப் பரம்பரையும் வெடித்துச் சிரித்தது. அப்பா கூரையிலிருந்து சிரித்தார், கையில் தகரத்தோடு. அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஜெரிகோ தண்ணீருக்குள்ளே விழுந்தே போனான்.

நொண்டிக் கால், சைக்கிள், எல்லாம் அவர்கள் எனக்காகச் செய்த பகிடி. நான் மாமாவை அவிழ்த்துவிட்ட அன்று இரவே அப்பா எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: மகன் ஒரு மாமாவை உருவாக்கியிருக்கிறான், விடுங்கோ, எவ்வளவு தூரம் போறான் எண்டு பாப்பம். புயலுக்குப் பிறகு திரும்பப் போன் எடுத்து, அங்கே ஒரு மனுசன் சொந்த ஊரில் இருக்கப் பார்க்கிறார், அறை எல்லாம் வெறுமை, வாருங்கோ என்று கேட்டிருக்கிறார். வந்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஐந்து அறையும் நிறைந்து, சித்தப்பா வராந்தாவில் படுக்கிறார். பெரியம்மா படங்களைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டதில், மார்கழிக்கு இன்னும் இரண்டு குடும்பம் கேட்கிறதாம். புதுக் குசினியில் அம்மாவும் பெரியம்மாவும் ரொமெல் அங்கிளுக்குச் சம்பல் இடிக்கக் காட்டுகிறார்கள். நேற்றுக் கப்பல் கொம்பனி போன் எடுத்தது. இந்த வருசம் வரவில்லை என்று அங்கிள் சொல்லிவிட்டாராம். ஆன்ரி அதை எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று காலை எழும்பி எல்லாருக்கும் முட்டை பொரித்துக்கொண்டே பாடினார், அவ்வளவுதான்.

ஒரு விசயம் எழுதவில்லை. எழுதாமல் விடலாம் என்றும் பார்த்தேன்.

பொய்யை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "பஸ்தியாம்பிள்ளையின்ர வீடு எங்க எண்டு கேக்க நீ என்ன சொன்னனி? காரைநகருக்கு மேற்கால பக்கத்து ஊர் எண்டு. மேற்கால கடலடா. எங்கட ஊரே ஒரு தீவு. அந்தப் பக்கம் நடந்தால் தமிழ்நாட்டிலதான் ஏறவேணும்."

எனக்குத் தெரியாது. ஊருக்கு ஒரேயொரு தரம், பாலத்தால் வேனில் போனோம், அப்போது எனக்கு ஐந்து வயது, நித்திரை. ஜெரிகோவுக்கு நான் அளந்த கடற்கரை, ஒழுங்கை, நண்டு எல்லாம் போனில் பார்த்தவை.

பின்னேரம் ஆன்ரி பக்கத்தில் வந்து மணலில் இருந்தார். "நீங்களும் தீவு ஆக்கள் எண்டு உன்ர அப்பா இப்பதான் சொன்னார். சொல்லு பாப்பம், உங்கட தீவு எப்பிடி இருக்கும்?"

எழும்பிப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.