சுத்தமாக வந்த முதல் சொல்

ஜூன் 12

என் தங்கத்துக்கு,

அம்மா நல்லா இருக்கேன். உன்னை விடுதியில விட்டுட்டு வந்ததுலேர்ந்து வீடு வீடா இல்ல. தையல் மெஷின் மட்டும் லொடலொடன்னு ஓடுது. நான் பஸ் ஏறும்போது நீ திரும்பிக்கூடப் பாக்கல. அந்தச் சுருட்டை முடிக்காரியைக் கண்டதும் பெத்தவளை மறந்துட்ட, அப்படித்தானே? இருக்கட்டும், இருக்கட்டும்.

லீவுல நீ கத்துக்கொடுத்த கைப்பேச்சை நான் மறக்கல. ஊசி, பசி, பொய், கோபம்னு நாப்பது சொல்லுல தேறிட்டேன். கண்ணாடி முன்னால நின்னு பழகுறேன். எனக்குப் பித்துப் பிடிச்சுடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி நினைக்கிறா. எல்லாம் சுருட்டை உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே, அவளுக்கு என் முத்தம். துணி துவைக்கிற இடத்துல டீச்சர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு, நீங்க எல்லாரும் அவளைச் சுத்தி நின்னு கைக்கதை பாக்கறதை நினைச்சாலே சிரிப்பு வருது. காய்ச்சல்ல உனக்குக் காது போன இந்தப் பத்து வருஷத்துல, நாம ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சது இந்த லீவுலதான்.

ஈரத்தலையோட படுக்காதே.

உன் நினைப்பாவே,
அம்மா

ஜூன் 30

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் நலமா? இங்கு உணவு நன்றாக இருக்கிறது. தினமும் பேச்சுப் பயிற்சி செய்கிறேன். கையை அசைக்கும் கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
மகள்

ஜூலை 8

அடியே,

இது கடுதாசியா, முனிசிபாலிட்டி நோட்டீஸா? அவர்களாம், தாங்களாம்! அம்மா மேல என்ன கோபம்? சுருட்டையோட சண்டையா? உள்ளதை எழுது.

அம்மா

ஜூலை 19

அம்மா,

துணி வெளுக்கிற அக்கா கையில இதைத் திருட்டுத்தனமாக் கொடுத்து அனுப்புறேன். போன கடுதாசி கரும்பலகையைப் பாத்து எழுதினது. எல்லார் வீட்டுக்கும் அதேதான் போச்சு.

வர்ற கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் எங்ககிட்ட தருவாங்க. உனக்குச் சொல்லாம விட்டது என் தப்புதான். துவைக்கிற இடம், சுருட்டை, எல்லாம் உன் எழுத்துலேயே இருந்துச்சு அம்மா.

பெரிய டீச்சர் என்னை முன்னால நிறுத்தினாங்க. அவங்களுக்குத் தெரியும், ஆனாலும் கைக்கதை சொல்றது யாருன்னு நான் வாயாலதான் சொல்லணுமாம். சொல்ற வரைக்கும் சாப்பாடு இல்ல. ரெண்டாம் நாள் சுருட்டை பேரைச் சொல்லிட்டேன். டீச்சர் என் தொண்டையில விரல் வச்சுப் பாத்தாங்க. முதல் தடவையா எனக்கு ஒரு சொல் சுத்தமா வந்துச்சாம். எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க. சுருட்டையும் தட்டினா. அப்புறம்தான் அவ கையைக் கட்டினாங்க.

முன்ன அவ படிச்ச பள்ளிக்கூடத்துல கையாலதான் பாடமே. பெரிய மாநாடு ஒண்ணு போட்டு, இனிமே வாய்ப்பேச்சு மட்டும்தான்னு முடிவு பண்ணி, காது கேக்காத வாத்தியாரை எல்லாம் வேலையை விட்டு அனுப்பி அதை மூடிட்டாங்களாம். பதினோரு நாள் நாற்காலிக்குப் பின்னாலேயே அவ கை இருந்துச்சு. நேத்து ‘புத்தி வளராதவள்’னு எழுதி மனநோய் விடுதிக்கு அனுப்பிட்டாங்க. எங்க வகுப்புலேயே கணக்குல அவதான் முதல்.

வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. அவளையும் தேடு. அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. சீக்கிரம் வா அம்மா.

ஆகஸ்ட் 2

என் செல்லத்துக்கு,

படிச்சுட்டு ஓன்னு அழுதேன். உடனே உன் கடுதாசியோட பஸ் ஏறி, பெரிய டீச்சர் முன்னால போய் நின்னேன். சண்டை போடத்தான் போனேன், சத்தியமா.

இன்னும் கொஞ்ச நாள் கையை மறந்தா உனக்குப் பேச்சு வந்துடுமாம். இப்போ கூட்டிட்டுப் போனா காலத்துக்கும் ஊமைதானாம். “சிநேகிதி பேரைச் சொன்னவ உங்களைக் கூப்பிட மாட்டாளா?”ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில நான் விழுந்துட்டேன்டி. நாலு வயசு வரைக்கும் நீ ‘அம்மா’ன்னு கூப்பிட்ட குரல் இன்னும் என் காதுலயே இருக்கு. சாகறதுக்குள்ள இன்னொரு தடவை கேட்டா போதும்.

சுருட்டையைப் பத்தி நான் எதுவும் கேக்கல. நமக்கெதுக்கு ஊர் வம்பு? வெளுக்கிற பொம்பளையை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம், பாவம். உன் மனசு கலைஞ்சுடும்னு உன்னைப் பாக்க விடல. லீவுல நீ கையைத் தூக்கினா நான் முகத்தைத் திருப்பிக்குவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். உன் நல்லதுக்குத்தான் கண்ணு. அம்மாவைத் தப்பா நினைக்காதே.

ஆசையோட காத்திருக்கும்,
அம்மா

மார்ச் 25

அம்மா அவர்களுக்கு,

கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வேலையை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் நல்ல பிள்ளையாம். அதனால் இது உங்களுக்கு வந்து சேரும்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. போன வாரம் அதிகாரிகள் வந்தபோது மேடையில் நிறுத்தி, ஒரு தாயின் படத்தைக் காட்டினார்கள். ‘அம்மா’ என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

சுருட்டை ஜனவரியில் அந்த மனநோய் விடுதியிலேயே இறந்துவிட்டாள். பெரிய டீச்சரின் மேசையில் இருந்த தாளில் பார்த்தேன். காரணம் எழுதவில்லை.

நான் லீவுக்கு வரவில்லை. ‘அம்மா’ என்ற அந்தச் சொல்லை யார் கேட்டாலும் சொல்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்ல மாட்டேன். கொடுக்காமல் வைத்துக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை. நீங்கள் இங்கே வந்தால், எதிரில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். டீச்சர் அடிப்பார். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

மகள்