முந்நூற்றுப் பன்னிரண்டு இரவல்கள்

ஜூன் 12

நூலக அறையின் சாவி இன்று கைக்கு வந்தது. கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கரப்பான் எச்சம், ஊறிப்போன பசை, யாரோ போன வருஷம் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா, எல்லாம் சேர்ந்த வாடை. டப்பாவை யார் திறந்து பார்ப்பது? அப்படியே பையில் கட்டி வெளியே எறிந்தேன். உடைந்த பெஞ்சு ஏழு. ஓடாத மின்விசிறி இரண்டு. புத்தகம்? இருக்கிறது. மூலையில் இரண்டு இரும்பு பீரோவுக்குள், பூட்டி.

பதினாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த தொண்டை எனக்கு. குரல்வளையில் முடிச்சு விழுந்துவிட்டது, இனி வகுப்பில் கத்தவே கூடாது என்கிறார் டாக்டர். தலைமையாசிரியைதான் இந்த அறையை என் தலையில் கட்டினார். "சனிக்கிழமை சனிக்கிழமை ட்ரெய்னிங் போங்க. டிசம்பர்ல பரிசோதகர் வருவாங்க. பாஸ் பண்ணிட்டீங்கன்னா ஆசிரியர்-நூலகர் போஸ்ட் உங்களுக்குத்தான்."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னா கத்தாத டீச்சரை நான் எங்க போடறது, நீங்களே சொல்லுங்க."

ஜூன் 21

முதல் பயிற்சி. திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கிற ஒரு பயிற்சியாளர். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர் வைத்துவிட்டார். 'நூலகம் அறிவின் வாசல்' என்று மூன்று தடவை வாசித்தார். வாசல் பூட்டியிருக்கிறதே, சாவியும் இல்லையே, என்ன செய்வது என்று என் கரகரத்த குரலில் கேட்டேன். "அது அடுத்த மாட்யூல்ல வரும் மேடம்."

ஜூன் 28

வரவில்லை.

ஜூலை 7

புத்தகம் தானம் தாருங்கள் என்று பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினேன் அல்லவா, மூன்று மூட்டை வந்திருக்கிறது. விடை எழுதி முடித்த பயிற்சி நூல்கள். மருந்துக் கம்பெனி டைரிகள். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கையேடு. யாருடையதோ கல்யாண ஆல்பம்! ஒரு புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்துக்கு நடுவில் நகத்துண்டுகள். சீ. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவியும் கூச்சம் போகவில்லை.

வீட்டுக் குப்பையைப் பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு நன்றிக் கடிதம் வேறு கேட்கிறார்கள்.

ஜூலை 19

ஸ்லைடு சார் 'பயனுள்ள வளங்கள்' என்று நூற்றிருபது இணைய முகவரிகள் கொடுத்தார். கணக்கு டீச்சர் புத்தி, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எழுபத்திமூன்று திறக்கவே இல்லை. ஒன்று செருப்புக் கடைக்குப் போனது. மிச்சத்தில் பாதி, அதே மாதிரி இன்னொரு பட்டியலுக்குப் போனது. இவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார்? ஒருத்தராவது திறந்து பார்த்திருப்பாரா?

நான்கு தேறியது. ஒன்று நிஜமாகவே நன்றாக இருக்கிறது. படக்கதைகளை இலவசமாக இறக்கி, அச்செடுத்து, மடித்துத் தைத்துக்கொள்ளலாம். நூற்றிருபதில் நான்கு.

ஆகஸ்ட் 4

எனக்கு முன்பு பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற டீச்சரைத் தொலைபேசியில் பிடித்தேன். பீரோ சாவி எங்கே என்று கேட்டேன்.

"பத்திரமா வச்சேம்மா. எங்கன்னுதான் ஞாபகம் இல்ல. அதை ஏன் திறக்கற? ஒண்ணு காணாம போனா நீதான் பதில் சொல்லணும். இருபது வருஷத்துல என்கிட்ட ஒரே ஒரு புத்தகம் தொலைஞ்சதில்ல, தெரியுமா?"

எப்படித் தொலையும்? யார் கையிலும் கொடுத்தால்தானே. ஆனால் நானும் பூட்டை உடைக்கவில்லை. பதில் சொல்லணுமே என்ற பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வெட்கக்கேடு.

செப்டம்பர் 16

பருவத்துக்கு முந்நூறு இரவலாவது பதிவேட்டில் இருந்தால்தான் டிசம்பரில் தேர்ச்சி. போன வாரம் வரை என் பதிவேடு வெள்ளை வெளேரென்று இருந்தது. தலைமையாசிரியை சிரித்தார். "மூணு நாள் உக்காந்து நிரப்பிடுங்க. எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான்."

நிரப்பினேன். வருகைப் பதிவேட்டிலிருந்து பிள்ளைகளின் பெயர்கள், இருப்புப் பதிவேட்டிலிருந்து புத்தகங்களின் பெயர்கள். நீல மை, கறுப்பு மை என்று மாற்றி மாற்றி. நடுநடுவே ஒரு நாள் தாமதம்கூட வைத்தேன், நிஜம் மாதிரி தெரியட்டும் என்று. முந்நூற்றுப் பன்னிரண்டு.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொய்யைக்கூட மார்ஜின் விட்டு எழுதறியே" என்றார். அவருக்கு எல்லாமே கேலி.

அக்டோபர் 8

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

பதிவேட்டைத் தலைமையாசிரியை அறைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஏழாம் வகுப்பு ரெட்டைச் சடையிடம் கொடுத்தேன். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கிற பெண், போகிற வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு மணி அடித்ததும் வந்து நின்றாள்.

"டீச்சர், ஆகஸ்ட் பதினொண்ணு நான் ஆழ்கடல் மீன் புத்தகம் எடுத்தேன்னு போட்டிருக்கு."

திறந்த டிபன் டப்பாவைத் திரும்ப மூடினேன்.

"நான் எடுத்துட்டு மறந்துட்டேன் போல டீச்சர். எனக்கு மறதி ஜாஸ்தின்னு அம்மாகூடச் சொல்வாங்க. இன்னொரு தடவை தர்றீங்களா? இந்தத் தடவை ஒழுங்கா படிக்கிறேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று சிரித்திருந்தாலும் பரவாயில்லை. இவள் என் கையெழுத்தை நம்பி அவள் தலையையே சந்தேகப்படுகிறாள்! நாளைக்குத் தருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? என்ன ஜென்மம்டி நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 9

பூட்டுக்காரரை வரவழைத்தேன். இரண்டு பீரோவும் ஐந்து நிமிஷத்தில் திறந்துகொண்டன. வெளியிலிருந்து பார்த்தால் வரிசை கலையாமல், எண் ஒட்டி, அத்தனை அழகு. ஆழ்கடல் மீனை உருவினேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண். கரையான் வெள்ளை வெள்ளையாக என் மணிக்கட்டில் ஏறியது. பூட்டுக்காரர், "ஐயய்ய, கையை உதறுங்கம்மா" என்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

பாதிக்கு மேல் போய்விட்டன. ஒன்றுகூடத் தொலையவில்லை, வாஸ்தவம்தான்.

அக்டோபர் 10

ரெட்டைச் சடையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். நீ எதையும் மறக்கவில்லை. நீ அந்தப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. நான்தான் பொய்யாக எழுதினேன்.

"ஏன் டீச்சர்?"

"எனக்கு வேலை போயிடும்னு பயம்."

"அப்ப மீன் புத்தகம் இல்லையா?" அவளுக்கு அதுதான் கவலை.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் அடித்தேன். கடைசியில் 'மேற்கண்டவை நடக்காத இரவல்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 14

தலைமையாசிரியை ஆடித் தீர்த்துவிட்டார். "ஊரே செய்யறதைத்தானே செய்யச் சொன்னேன்? நீங்க மட்டும் என்ன பெரிய உத்தமியா? பள்ளிக்கூடத்து மானமே போச்சு!" மானம் போனது சிவப்பு மையாலாம். நீல மையால் போகவில்லையாம். எதிர்த்துப் பேசத் தொண்டை இல்லை, நல்லவேளை.

அக்டோபர் 25

பயிற்சிக்கு மட்டம். பொது நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நூலகர் சிடுமூஞ்சி, என் வயதுதான் இருக்கும். பள்ளிக் கடிதம் கொண்டுவந்தால் ஒரே நேரத்தில் நாற்பது புத்தகம் குழு இரவலாகத் தருவார்களாம். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாமாம். இந்த வழி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டேன். "பன்னெண்டு வருஷமா இருக்கு. உங்க ஸ்கூல்ல இருந்து யாரும் வந்து கேட்டதில்ல."

இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்! நூற்றிருபது முகவரியில் இது இல்லை.

மீன் புத்தகம் வெளியே போயிருக்கிறதாம். பெயர் எழுதிவிட்டு வந்தேன்.

நவம்பர் 11

கரையான் மண்ணை எல்லாம் அள்ளிக் கொட்டி, மருந்து அடித்து, பீரோக் கதவுகளையே கழற்றிவிட்டேன். வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை. தேறிய புத்தகங்களோடு பொது நூலகத்து நாற்பதையும் அடுக்கி வைத்தேன். பிள்ளைகளே வந்து, அவர்களே எடுத்து, அவர்களே பதிவேட்டில் எழுதுகிறார்கள். கோழிக் கிறுக்கல். ஒருவன் புத்தகத்தில் சாம்பாரைக் கொட்டிவிட்டான். நாற்றம் தாங்கவில்லை. துடைத்துத் திரும்ப வைத்தேன். எண்பத்தாறு இரவல்.

டிசம்பர் 4

பரிசோதகர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த முன்னூத்திப் பன்னெண்டு?"

"பொய்."

"இதுக்கப்புறம் இருக்கிற நூத்தி நாப்பத்தொண்ணு?"

"நிஜம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பேசாம விட்டிருந்தா நானும் பேசாம கையெழுத்துப் போட்டிருப்பேனே மேடம்." இதைக் கரிசனத்தோடு சொன்னார். அதுதான் அருவருப்பு.

டிசம்பர் 15

தேர்ச்சி இல்லை. மார்ச்சில் மறுபரிசோதனை. "மார்ச்தான் கடைசி, அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் தலைமையாசிரியை. இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துவிட்டேன். என் கணவர் இன்று கேலி பேசவில்லை.

டிசம்பர் 19

போன வாரம்தான் ஆழ்கடல் மீன் கிடைத்து ரெட்டைச் சடை கையில் கொடுத்தேன். இன்று மேஜை மேல் டொப்பென்று வைத்தாள்.

"சுத்த போர் டீச்சர். பாதியிலயே விட்டுட்டேன். இதை எழுதினவருக்கு மீனே பிடிக்காது போல. வேற குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. நான் பொய்யாக எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை. புத்தகத்தை நானும் புரட்டினேன். அவள் சொன்னது சரி, மகா மட்டம். அவள் பெயருக்கு நேராக 'பாதி படித்தாள், பிடிக்கவில்லை' என்று எழுதினேன். நாளைக் காலை சிடுமூஞ்சியிடம் போய் வேறு மீன் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.